ஏறுசுவரில் புகை அளக்கப் போனேன்

எனக்கு உயரம் என்றால் பயம். வீட்டில் பல்பு மாற்றக்கூட மனைவிதான் ஸ்டூலில் ஏறுவாள். கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொள்வது என் பங்கு. அப்படிப்பட்டவன் மான்செஸ்டரில் ஏறுசுவர்க் கூடங்களின் கூட்டமைப்பு ஒன்றில் வருடக்கணக்காக வேலை பார்க்கிறேன். கட்டிடத்துக்குள்ளேயே மலை மாதிரி சுவர் எழுப்பி, அதில் வண்ண வண்ணப் பிடிகளைத் திருகி வைத்து, இடுப்பில் கயிற்றோடு பல்லியைப் போல ஏறி இறங்குவார்களே, அந்தக் கூடங்கள். நான் ஏறுவதில்லை. ஒவ்வொரு கூடமும் எவ்வளவு கரியமில வாயுவை வெளியே தள்ளுகிறது என்று அளந்து, எதைக் குறைக்கலாம் என்று எழுதிக் கொடுப்பேன். என் அட்டையில் 'கார்பன் தணிக்கையாளர்' என்று இருக்கும். மனைவி அதைச் சுருக்கி 'புகைக் கணக்குப்பிள்ளை' என்பாள்.

இந்தப் பங்குனியில் திருவண்ணாமலைக்குப் போகச் சொன்னார்கள். அங்கே செங்கம் சாலையில் ஒரு ஏறுசுவர்க் கூடம் எங்கள் கூட்டமைப்பில் சேர்ந்திருந்தது. உறுப்பினராக இருந்தால்தான் அங்கே பழகும் பிள்ளைகள் பெரிய போட்டிகளுக்குப் போக முடியும். ஆனால் ஒரு விதி உண்டு. கார்பன் கணக்குத் தாளில் எந்த வரியின் எண் எல்லாவற்றையும்விடப் பெரிதோ அந்த வரியை உடனே வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். இந்த விதியை எழுதியவன் நானேதான். எழுதிய அன்று அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள்.

நான் தாம்பரத்துக்காரன். தாம்பரத்தில் இன்னும் அக்கா இருக்கிறாள். வருடத்துக்கு ஒருமுறை அவளைப் பார்ப்பது இந்த வேலையின் புண்ணியத்தில்தான். அதனால் அளக்கச் சொன்னால் நான் எந்த ஊருக்கும் மறுப்புச் சொல்வதில்லை; போகும் வழியில் சென்னையில் இறங்கிவிடலாம். போன வருடம் நேபாளம், அதற்கு முந்தின வருடம் தாய்லாந்து. உலகத்தின் சூட்டைக் குறைக்க நான் போகாத விமான நிலையம் குறைவு.

செவ்வாய்க்கிழமை சென்னையில் இறங்கியதும் கொள்கைப்படி பேருந்தில்தான் போவேன் என்று முடிவு செய்தேன். கூடத்தை நடத்தும் கலைச்செல்வி போனில், "கார் அனுப்பறேங்க சார்" என்று மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் பேருந்தின் பெருமையைப் பற்றி அவருக்குச் சின்னப் பிரசங்கம் செய்தேன். செஞ்சி தாண்டியதும் பேருந்து பெருமூச்சு விட்டு நின்றது.

"பெல்ட் அறுந்துபோச்சு. பின்னாடி வர்ற வண்டில ஏறிக்குங்க," என்றார் நடத்துனர்.

பின்னால் வந்த வண்டியில் கால் வைக்க இடமில்லை. ஆனாலும் எங்கள் வண்டி ஜனம் முழுவதும் அதில் ஏறிவிட்டது. என் பக்கத்தில் நின்ற அம்மாள், இரண்டு பையும் ஒரு வாழைத்தாரும் வைத்திருந்தவர், ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து சீட்டே பிடித்துவிட்டார். வரிசையில் நிற்க வேண்டும் என்று இங்கிலாந்தில் பழகிய பழக்கத்தில் நான் தனியாக வரிசையில் நின்றேன். வண்டி போனபின் அந்த வரிசையில் நான் மட்டும் இருந்தேன். வேறு வழியில்லாமல் கலைச்செல்விக்குப் போன் செய்தேன். திருவண்ணாமலையிலிருந்து ஒரு கார் காலியாக வந்து என்னை ஏற்றிக்கொண்டு போனது. வழியில் கீழ்பென்னாத்தூரில் கடைகளும், சைக்கிளில் வீடு திரும்பும் பள்ளிப் பிள்ளைகளும் தென்பட்டார்கள். நான் ஏசியைக் கொஞ்சம் கூட்டச் சொல்லிவிட்டுத் தூங்கிப்போனேன்.

கூடம் ஒரு பழைய கடலைக் கிடங்கு. ஆசிரமப் பகுதியின் காபிக் கடைகளையும் வாடகை அறைகளையும் தாண்டி, சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே இருந்தது. உயரமான ஓட்டுக்கூரை, உச்சியில் காற்றுப் போகச் சின்னச் சின்னத் திறப்புகள். அந்தத் திறப்புகளை எல்லாம் அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். உள்ளே காலை வைத்ததும் மான்செஸ்டரின் ஜனவரி. வாசலுக்கு இரண்டு பக்கமும் துவாரபாலகர்களைப் போல ஆளுயர ஏசி இரண்டு நின்று ஊதின.

கலைச்செல்விக்கு முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். கீழ்பென்னாத்தூர் விவசாயக் குடும்பம். பெங்களூரில் இந்தக் கலையைப் பழகிவிட்டு வந்து இங்கே கூடம் ஆரம்பித்தவர். சால்வை போர்த்தினார். எனக்குக் குளிராக இருந்ததால் அதைக் கழற்றவில்லை.

"பயணம் சவுகரியமா இருந்துச்சுங்களா சார்? வெயில் இங்க ஜாஸ்தி. உள்ள ஜில்லுனு இருக்கா? பத்தலைன்னா இன்னும் கொஞ்சம் கூட்டறேன்."

"போதும்மா," என்றேன் பல் தந்தியடிக்க. குறிப்பேட்டில் 'குளிரூட்டல்: மிக அதிகம்' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன். எவ்வளவு கூர்மையான கண் எனக்கு என்று நினைத்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறது.

புதன்கிழமை காலையில் கலைச்செல்வி வீட்டிலிருந்து இட்லியும் வேர்க்கடலைச் சட்னியும் வந்தன. அந்தச் சட்னிக்கு நான் ஏழு இட்லியைப் பலி கொடுத்தேன். மான்செஸ்டரில் என் காலை உணவு பாலில் ஊறிய அட்டைத் துண்டுகள்; அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. ஏழாவது இட்லிக்குப் பிறகு அளக்கும் வேலை ஆரம்பித்தது. மீட்டரில் என் கருவியை மாட்டினேன். எண்கள் ஓடிய வேகத்துக்குப் பந்தயக் குதிரை தோற்றுவிடும்.

பிறகு கலைச்செல்வி முன்கூட்டியே நிரப்பி அனுப்பியிருந்த படிவத்தைச் சரிபார்த்தேன். குளிர்நாட்டுக் கூடங்களை மனதில் வைத்து நான் தயாரித்த படிவம் அது. 'கட்டிடத்தைச் சூடாக்கும் கொதிகலன்கள் எத்தனை?' என்ற கேள்விக்கு எதிரே கலைச்செல்வி, 'ஒன்று. டீ போட' என்று எழுதியிருந்தார். 'கூடத்தின் சொந்த வாகனம்' என்ற கட்டத்தில், 'வேன், தினமும் கீழ்பென்னாத்தூர் போய் வர' என்றிருந்தது.

அந்த வேன் மாலையில் வந்தது. பளபளவென்று வெள்ளை, சாய்கிற சீட்டுகள், உள்ளே டிவி, ஜன்னலுக்கு ஊதாத் திரை. பன்னிரண்டு பெண் பிள்ளைகள் பள்ளிச் சீருடையோடு இறங்கினார்கள். திரும்பித் திரும்பி வேனையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். அதில் பவித்ரா என்று ஒருத்தி, பத்தாம் வகுப்பு, வெறுங்காலோடு போய் இருப்பதிலேயே செங்குத்தான சுவரில் கை வைத்தாள். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூடுவதற்குள் உச்சியில் இருந்தாள். கீழே நின்று பார்த்த எனக்குத்தான் தலை சுற்றியது.

"அடுத்த மாசம் சென்னையில ஸ்டேட் செலக்‌ஷன் சார். பவித்ரா போயிடுவா," என்றார் கலைச்செல்வி. குரலில் பெருமை தெரிந்தது.

"பிள்ளைகள் பஸ்ஸில் வர முடியாதா?"

"ஸ்கூல் விட்டு பஸ்ஸு புடிச்சு வந்தா, திரும்பிப் போறதுக்கு ரொம்ப நேரம் ஆயிடும் சார். ஊட்ல விட மாட்டாங்க."

நான் தலையாட்டிவிட்டு வேனின் டீசல், தூரம், எத்தனை நடை என்று கருவியில் தட்டினேன். வேன் வரி மற்ற எல்லா வரிகளையும் விழுங்கி ஏப்பம் விட்டது.

அதே மாலை ஓர் இத்தாலியரும் வந்தார். ஆசிரமப் பக்கத்தில் அறை எடுத்திருப்பவர். சைக்கிளில் வந்து, சைக்கிளை மிக மரியாதையாகச் சுவரில் சாய்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "நான் கார் வைத்துக்கொள்வதே இல்லை. பூமிக்கு நாம் பாரமாக இருக்கக் கூடாது. ஒரு வருடத்துக்குள் இந்த மலையைப் பார்க்க நான் வருவது இது மூன்றாவது முறை." மனம் நெகிழ்ந்துபோய் அவருடைய பயணத்துக்கு என் படிவத்தில் பூஜ்யம் போட்டேன். பக்கத்தில் நட்சத்திரமும் போட்டேன்.

சுவரில் ஏறுபவர்கள் கை வழுக்காமல் இருக்க ஒரு வெள்ளைப் பொடியைப் பூசிக்கொள்வார்கள். அதன் எடையைப் பார்க்கப் போய் என் இரண்டு கையும் வெள்ளையாகிவிட்டது. வெளியே வந்து காற்று வாங்கி நின்றேன். கிரிவலம் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவர் என் கையைப் பார்த்து, செருப்பில்லாத காலோடு அருகில் வந்து பணிவாகக் கையை நீட்டினார். விளக்கம் சொல்ல வெட்கமாக இருந்தது. கொஞ்சம் கொடுத்துவிட்டேன். நெற்றியில் இட்டுக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை இடைக்கால அறிக்கையை அனுப்பினேன். பெரிய வரி: கீழ்பென்னாத்தூர் வேன். இரண்டாவது: ஏசி. பரிந்துரை: வேனை நிறுத்துக. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது கலைச்செல்வியிடமும் சொன்னேன். கூடத்தின் மொத்தக் கேட்டுக்கும் அந்தப் பன்னிரண்டு பிள்ளைகளின் பயணம்தான் காரணம் என்று வரைபடம் போட்டு, சிவப்பு மையில், ஒரு டாக்டரின் கனிவோடு விளக்கினேன். என் தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

"சரிங்க சார்," என்றார். பிறகு, "அப்பளம் வெக்கட்டுமா?" என்றார்.

வெள்ளிக்கிழமை என் மேலதிகாரி மார்கரெட்டிடமிருந்து பதில் வந்துவிட்டது. "மிகத் தெளிவான அறிக்கை. வேனை நிறுத்தட்டும். வாழ்த்துகள்." கலைச்செல்வியிடம் படித்துக் காட்டினேன். இன்றிலிருந்தே பிள்ளைகளை வர வேண்டாம் என்று சொல்லிவிடுவதாகச் சொன்னார். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு கயிற்றைச் சுருட்டினார். ஏற்கெனவே சுருட்டி வைத்திருந்த கயிறு அது. எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. ஆசிரமப் பக்கம் நடந்து போய், வெளிநாட்டவர் கூடும் ஒரு கடையில் இஞ்சி எலுமிச்சைத் தேநீர் குடித்துவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்த நிம்மதியோடு மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

சனிக்கிழமை காலை நான் கூடத்துக்குப் போனபோது கலைச்செல்வி இன்னும் வரவில்லை. கதவு திறந்திருந்தது. உள்ளே இரண்டு ஆட்கள் ஏசியைச் சாய்த்து வாசலை நோக்கி உருட்டிக்கொண்டிருந்தார்கள். திருட்டு என்று நினைத்தேன். ஆனால் அவர்கள் என்னைப் பார்த்து ஓடவில்லை.

"எங்கே எடுத்துட்டுப் போறீங்க?" என்று கேட்டேன்.

"கல்யாணத்துக்குங்க. வேட்டவலம் ரோட்டு மண்டபத்துல நாளைக்கு முகூர்த்தம்," என்றார் மூத்தவர். "இங்க வாடகை நேத்தோட முடிஞ்சிடுச்சு."

"இது இந்தக் கூடத்து ஏசி இல்லையா?"

"இன்னாத்துக்குங்க இங்க ஏசி? ஃபாரின்லேர்ந்து யாரோ ஆபீசரு வராராம். ஜில்லுனு வெச்சிருக்கணும்னு மேடம் சொன்னாங்க. அந்தாளு போயிட்டாரு போல." ஏசியின் அடிப்பக்கத்தைக் காட்டினார். "படியில எறக்கணும். அப்படி ஒரு கை புடிங்க."

அந்தாள் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு கை பிடித்தேன். வண்டியில் ஏற்றும் வரை பிடித்தேன்.

கலைச்செல்வி வந்தபோது நான் சுவரடியில் மெத்தை மேல் உட்கார்ந்திருந்தேன். கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. காலியான வாசலைப் பார்த்ததும் அவரே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டார். ஏசி வாடகை. தண்ணீர் பாட்டில்கள் எனக்காக வாங்கியவை. மற்ற நாட்களில் பானைதான். சுவரிலிருந்த பளபளப்பான பிளாஸ்டிக் பிடிகள் பெங்களூர்க் கூடம் ஒன்றில் இரவல் வாங்கியவை. இரண்டு நாள் வந்த ஊதாத் திரை வேனும், திருப்பதி டூர் போகிற வாடகை வேன்.

"அப்போ பிள்ளைகள் வழக்கமா எப்படி வருவாங்க?"

"எங்க பெரியப்பா பையன் தேவராஜ் அண்ணன் வேன் வெச்சிருக்காரு சார். டெய்லி டவுனுக்கு வந்து தவிடு, புண்ணாக்கு ஏத்திக்கிட்டுப் போவாரு. வர்றப்ப வண்டி காலி. புள்ளைங்க அதுல வரும். அவரு மூட்டை ஏத்தி முடிக்கறதுக்குள்ள கிளாஸும் முடிஞ்சிடும், அதுலயே போயிடும். பாதி சீட்டு, பாதி மூட்டை."

பின்னறைக் கதவைத் திறந்து காட்டினார். வேப்ப மரத்தில் இழைத்த பிடிகள் கோணிப்பை நிறைய இருந்தன. காய்த்துப்போன வியர்வைக் கைகள் பட்டுப் பட்டு மெருகேறியிருந்தன. இன்னொரு கோணியில் ஏறுவதற்கான காலணிகள், அடிப்பாகம் தேயத் தேய ராஜகோபுரத்துப் பக்கம் செருப்பு தைப்பவர் டயர் ரப்பர் ஒட்டிக் கொடுத்தவை. ஒரே ஜோடியை எட்டுப் பிள்ளைகள் மாற்றி மாற்றிப் போடுகிறார்களாம். மான்செஸ்டரில் இதையெல்லாம் செய்யுங்கள் என்று நான் வருடக்கணக்காகக் கருத்தரங்கு நடத்திக்கொண்டிருக்கிறேன். ஒருவரும் செய்ததில்லை. இங்கே ஒரு பெண் அத்தனையையும் செய்துவிட்டு, நான் வருகிறேன் என்று வெட்கப்பட்டுக் கோணியில் கட்டி ஒளித்து வைத்திருக்கிறார்.

"ஏம்மா மறைச்சீங்க?"

"ஊட்டுக்கு ஆள் வந்தா நல்ல தட்டைத்தானே சார் எடுத்து வெப்போம்," என்றார். "தவிட்டு மூட்டை வண்டியில புள்ளைங்க வருதுன்னா நீங்க கேவலமா நெனச்சிடுவீங்கன்னு இருந்துச்சு. ஃபாரத்துல சொந்த வாகனம்னு ஒரு கட்டம் வேற. காலியா விட்டா நல்லா இல்லைன்னு எழுதிட்டேன்."

"நான் வேனை நிறுத்தச் சொன்னப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

"எப்படி சார் சொல்றது? பொய் எழுதினவளுன்னு ஆயிடுமே. அண்ணன் வண்டியும் வேன்தானே, அதையும் நிறுத்தச் சொல்வீங்கன்னு இருந்துச்சு. உங்க பட்டியல்லேர்ந்து எடுத்துட்டா பவித்ரா எங்கயும் போவ முடியாது. இங்க பழகலைன்னாலும் ஊட்லயே எதையாச்சும் புடிச்சுத் தொங்கிக்கட்டும், பேரு இருந்தா செலக்‌ஷனுக்காவது கூட்டிட்டுப் போவலாம்னு நெனச்சேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார். "நீங்க அளந்து சொல்றீங்க. நான் இன்னா சொல்ல முடியும்?"

அளந்ததுதான் அளந்தேன், நான் அளந்தது இந்தக் கூடத்தை அல்ல. எனக்கு நடந்த விருந்தை அளந்திருக்கிறேன். விருந்தில் வைத்த இலையை எண்ணிப் பார்த்து, இந்த வீட்டில் தினமும் பத்து வகைக் கறி சமைக்கிறார்கள், ஊதாரிக் குடும்பம் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் தேவராஜின் வேனில் கீழ்பென்னாத்தூர் போனேன். பிள்ளைகளின் வீடுகளில் நானே சொல்ல வேண்டும் என்று தோன்றியது. முன் சீட்டில் இடம் கொடுத்தார்கள். பின்னாலிருந்து தவிட்டு வாசனை வந்துகொண்டே இருந்தது, நான் தும்மிக்கொண்டே இருந்தேன். தேவராஜுக்கு நாற்பது வயது, ஓயாத பேச்சு.

"வண்டி சும்மாதான வருது, புள்ளைங்க ஏறிக்கினு வரட்டுமேன்னு உட்டேன் சார். நாலு நாளா வண்டியில சத்தமே இல்ல. புண்ணாக்குகிட்ட எவ்வளவு நேரம் பேசறது?"

பவித்ராவின் வீட்டு வாசலில் பறித்து வந்த கடலைச் செடிகள் குவியலாகக் கிடந்தன. அவளுடைய அம்மா உட்கார்ந்து செடியிலிருந்து காய்களை ஆய்ந்துகொண்டிருந்தார். அந்தப் பக்கத்தில் வேர்க்கடலையை மல்லாட்டை என்கிறார்கள். எனக்கு ஒரு கிண்ணத்தில் அவித்த மல்லாட்டை வந்தது. நான் பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று ஓடு உடைத்துக்கொண்டிருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"எம் பொண்ணு வண்டியில போறதால பூமியில சூடு ஜாஸ்தி ஆவுதுன்னு சொன்னாங்க சார். எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சா அனுப்பியிருக்க மாட்டோம். தப்பா எடுத்துக்காதீங்க."

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. இவ்வளவு வருட வேலையில் அப்படி ஒரு அவமானத்தை நான் பட்டதில்லை. கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"உங்க பொண்ணாலே ஒன்னும் ஆகலைங்க. நான்தான் தப்பா அளந்துட்டேன். திங்கக்கிழமையிலேர்ந்து அனுப்புங்க."

அவர் நம்பாதது போலப் பார்த்தார். "நெசமாவே ஒன்னும் ஆவாதா?"

"ஆகாதுங்க."

கொஞ்ச நேரம் காய் ஆய்ந்தார். பிறகு உபசாரமாகவே கேட்டார். "நீங்க உங்க ஊர்லேர்ந்து எதுல சார் வந்தீங்க?"

"ஏரோப்ளேன்ல."

"அது புகை உடாதுங்களா?"

கேலியே இல்லாத கேள்வி. நான் ஒரு முறை வந்து போவதற்கு ஈடாகப் பவித்ரா எத்தனை வருடம் வேனில் போக வேண்டும் என்று மனதுக்குள் கணக்குப் போட ஆரம்பித்தேன். கணக்கு அவள் கல்யாணத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. பாதியில் நிறுத்திக்கொண்டேன். "உடும்மா, நிறைய உடும்," என்றேன். வீட்டுக்குள்ளே பவித்ரா கதவு நிலையின் மேல்சட்டத்தில் விரல் நுனியால் தொங்கிக்கொண்டிருந்தாள். நான் பார்ப்பதைப் பார்த்ததும் இறங்கி நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் திரும்ப அளந்தேன். அட்டைகளைப் பிடுங்கியதும் கிடங்கின் சூட்டுக்காற்று மேலே போய்க் கூரைத் திறப்பு வழியாக வெளியேறியது. நாலு மின்விசிறிக்கு மீட்டர் கண்ணைத் திறந்து மூடியது, அவ்வளவுதான். தேவராஜின் வண்டி எப்படியும் ஓடுகிற வண்டி என்பதால் வேன் வரி காணாமல் போனது. இத்தாலியரின் பூஜ்யத்தை அழித்துவிட்டு அவருடைய மூன்று விமானப் பயணத்தையும் எழுதினேன், நட்சத்திரத்தையும் அழித்தேன். மற்றவருக்கு எழுதிய பேனா தனக்கு எழுதாமல் இருக்கக் கூடாது. படிவத்தின் கடைசிப் பக்கத்தில், நான் ஒருபோதும் நிரப்பாத 'இதர பயணங்கள்' என்ற கட்டத்தில், என் விமானம், செஞ்சிக்கு வந்த கார், வாடகை ஏசி, ஊதாத் திரை வேன் எல்லாவற்றையும் சேர்த்து 'தணிக்கையாளர் வருகை' என்று ஒரு வரி எழுதினேன். கூடத்தின் மற்ற வரிகள் அதன் பக்கத்தில் எறும்பாகத் தெரிந்தன.

திங்கள் மத்தியானம் மார்கரெட் கூப்பிட்டார். "இந்தக் கடைசி வரியை நீ வேண்டுமென்றே போட்டாயா?" என்றார்.

"அளந்துதான் போட்டேன்."

"இதை எடுத்துவிட்டால் அந்தக் கூடம் நம் உறுப்பினர்களிலேயே சிறந்தது."

"எடுக்கத்தான் போட்டேன்."

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "விதி உனக்குத் தெரியும். நீதான் எழுதினாய். பெரிய வரியை வெட்ட வேண்டும்," என்றார். வெட்டினார். இனிமேல் எல்லாக் கூடங்களையும் மான்செஸ்டரில் உட்கார்ந்தபடி போனில் பார்த்து அளக்க வேண்டும். அடுத்த மாதம் அளக்கப் போகவிருந்த கொழும்பும் இல்லை. தாம்பரத்து அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நியாயம்தான் என்று புத்தி சொன்னது. ஆனாலும் வருத்தமாகத்தான் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

சாயங்காலம் தேவராஜின் வேன் வந்தது. பன்னிரண்டு பேரும் தவிட்டுத் தூசியைத் தட்டிக்கொண்டு இறங்கினார்கள். யாரும் வேனைத் திரும்பிப் பார்க்கவில்லை. கலைச்செல்வி வேப்பமரப் பிடிகளைத் திருகி முடித்திருந்தார். பவித்ரா ஏறினாள். பாதியில் ஒரு பிடி கைக்கு எட்டவில்லை. விழுந்தாள், கயிறு பிடித்துக்கொண்டது, மறுபடி ஏறினாள். மூன்றாவது தடவை உச்சியைத் தொட்டுவிட்டு அங்கிருந்தே கீழே பார்த்தாள்.

"நாளைக்கு ஊருக்குப் போறீங்களாமே சார். மறுபடி எப்ப வருவீங்க?"

"இனிமே வர மாட்டேன்மா."

"ஏன் சார்?"

"நான் வந்தா இந்த வண்டியில நீங்க வர முடியாது."

ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மறு கையை உதறினாள்.

"அப்ப வராதீங்க சார்," என்றாள்.